வாக்கும் முன்பணமும்

(போளூரில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிற் பேசுமாறு சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தபோது பொருள் இன்னதென்று குறித்தாரில்லை. இலக்கியத்திலிருந்து ஏதேனும் கூறுவோம் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். தமிழ் பயின்று தமிழ் பயிற்றி வாழ்வார்க்கு அதுவே எளிது. ஆனால், சென்ற மாதம் நம் இளைஞர் சிலர் எம்மிடம் வந்து, "ஐயா, எல்லார் கையிலும் கைப்பேசி வந்துவிட்டது. முகநூலும் வாட்ஸ்அப்பும் யூடியூபும் அறியாத வீடில்லை. இனியேனும் தேர்தலில் பணத்தின் ஆட்டம் அடங்குமா?" என்று வினவினர். அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. இன்று கூற முயல்கின்றோம்.

யாம் பள்ளி ஆசிரியர். எக்கட்சியையும் உயர்த்தியோ தாழ்த்தியோ பேச எமக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. யாம் கூறப்புகுவது பணத்தைப் பற்றியும் நம்மைப் பற்றியுமே.

முதற்கண் நம் தொழிலிலிருந்தே தொடங்குவாம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, போளூர், கிளாவரை என்னும் இம் மேல்மலை ஊர்களில் பூண்டு விளைவிப்பது நம்மவர் வாழ்வு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றதை நீங்கள் அறிவீர்கள். அப்பூண்டு பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகின்றது. முன்னாளில், மூட்டை மண்டி வாயிலில் இறங்கிய பின்னரே விலை இன்னதென்று தெரியும். இந்நாளிலோ, மூட்டை கட்டுமுன்னரே அன்றைய விலை கைப்பேசியில் வந்து நிற்கின்றது. நன்று. ஆனால், விலை அறிந்தார் அனைவரும் அவ்விலைக்கு விற்கின்றனரா? இல்லை. விதைக்கும் உரத்திற்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் பெற்றவர், அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டியவராகின்றார். அறிவு கையில் உண்டு; கையோ கட்டுண்டு கிடக்கின்றது.

வாக்கும் இத்தன்மைத்தே. தேர்தலுக்கு முந்திய இரவிற் பெறும் பணம் அன்பளிப்பன்று, முன்பணம். அதனைப் பெற்றவர் பின்னர் ஐந்தாண்டுக்கு விலை பேசும் உரிமையை இழக்கின்றார். இதனை உள்ளத்திற் கொண்டு, கைப்பேசி எதனைச் செய்யவல்லது, எதனைச் செய்யமாட்டாது என்று ஆராய்வாம்.

தேர்தலிற் பணம் செய்யும் தொழில் மூன்று. ஒன்று, வேட்பாளரின் பெயரை ஊரறியச் செய்வது. இரண்டு, கொடுப்பவர் யாரென்பதை ஊரறியாமல் மறைப்பது. மூன்று, வாக்காளரைக் கட்டிப்போடுவது. இம்மூன்றையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

முதலாவது தொழில் விளம்பரம். மேடை, ஒலிபெருக்கி, சுவரொட்டி, வண்டி, கூட்டத்திற்கு ஆள் திரட்டல், அவர்க்கு உணவு என்று இவற்றிற்குச் செல்வம் வேண்டும். செல்வமில்லாத நல்லவர் தம் பெயரை அடுத்த ஊருக்குக்கூடக் கொண்டு செல்ல இயலாதவராய் இருந்தார். இத்தடையைச் சமூக ஊடகம் பெரிதும் தகர்த்துவிட்டது என்பதில் ஐயமில்லை. 2017-ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் சென்னைக் கடற்கரையில் ஏறுதழுவலுக்காகத் திரண்ட கூட்டத்தை நினைவுகூருங்கள். எக்கட்சியும் அவர்களை வண்டியிலேற்றிக் கொணரவில்லை. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பரவிய செய்தி கண்டு தாமே வந்தனர். சனவரி 21-ஆம் நாள் அவசரச் சட்டம் பிறந்தது. 23-ஆம் நாள் சட்டமன்றம் அதனைச் சட்டமாக்கிற்று. காசு கொடாமலும் மக்களைத் திரட்டலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தில்லியில் 2013-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது, புதிதாய்த் தோன்றிய ஆம் ஆத்மி கட்சி, இணையத்தின் வழியாகப் பொதுமக்களிடம் சிறு தொகைகளாய் நன்கொடை பெற்றது. 20 கோடி ரூபாய் போதுமென்று வரையறுத்து, அத்தொகை நிறைந்ததும் இனி அனுப்ப வேண்டாவென்று கூறிற்று. கொடுத்தவர் பெயர்களையும் தன் தளத்தில் வெளியிட்டது. அமெரிக்க நாட்டில் 2008-ஆம் ஆண்டு ஒபாமா அவர்களும் இவ்வாறே எண்ணற்ற எளியோரிடம் இணைய வழியாகச் சிறு தொகைகளைத் திரட்டினார். பலர் சிறிது சிறிதாகக் கொடுப்பின், வென்றவர் ஒருவர்க்கு மட்டும் கடமைப்பட்டவராகார். இது பெரும் பயன். ஆயினும், தில்லிக் கட்சியின் அப்பெயர்ப்பட்டியல் 2016-ஆம் ஆண்டில் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் உடன் கூறுதலே நேர்மை. நற்பழக்கம் தானே நிலைநில்லாது; அதனைக் கேட்டுக் கேட்டு நிலைநிறுத்துவார் வேண்டும்.

இரண்டாவது தொழில் மறைப்பு. பணத்திற்கு வெளிச்சம் ஆகாது. 2018-ஆம் ஆண்டு தொடங்கித் தேர்தல் பத்திரம் என்னும் முறை நடைமுறையில் இருந்தது. பாரத ஸ்டேட் வங்கியிற் பத்திரம் வாங்கி எக்கட்சிக்கும் கொடுக்கலாம். கொடுத்தவர் யாரென்று பொதுமக்கள் அறியார். ரூ.16,000 கோடிக்கு மேற்பட்ட பத்திரங்கள் விற்பனையாயின. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமைக்கு அம்முறை முரணானது என்று அதனை நீக்கிற்று. வங்கி விவரம் தரச் சூன் 30 வரை தவணை கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. மார்ச்சுத் திங்களிலேயே தேர்தல் ஆணையம் விவரங்களைத் தன் தளத்தில் வெளியிட்டது. பத்திர எண்களும் பின்னர் வெளிவந்தன. அதன்பின் நிகழ்ந்ததே நம் பொருளுக்கு உரியது. செய்தியாளரும் மாணவரும் கணினி வல்லாரும் எண்ணோடு எண்ணைப் பொருத்தி, இன்ன நிறுவனம் இன்ன கட்சிக்கு இவ்வளவு கொடுத்தது என்று சில நாளிற் கண்டு ஊடகங்களிற் பரப்பினர். முன்னாளாயின் அக்கோப்பு ஏதேனுமோர் அலுவலகத்தில் உறங்கியிருக்கும்.

வெளிச்சம் வேண்டுமென்பது நமக்குப் புதிய கருத்துமன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுக்கள் உள்ளன. குடவோலை முறையைக் கூறும் அவற்றில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்ற விதி காணப்படுகின்றது. அச்சபை எல்லாக் குலத்தார்க்கும் திறந்ததன்று; பெண்டிர்க்கும் அதில் இடமில்லை. அவற்றை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆனால், கணக்குக் காட்டாதவன் பதவிக்கு ஆகான் என்பதையும், அவ்விதியை எல்லாரும் காணச் சுவரிற் பொறித்ததையும் போற்றலாம். இன்றைய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும், தேர்தற் செலவுக் கணக்கை முறைப்படி அளிக்காதவரை மூன்றாண்டு தகுதியிழக்கச் செய்ய இடந்தருகின்றது. அன்று கோயிற் சுவர். இன்று கைப்பேசித் திரை. இதுவே வேறுபாடு.

இனி மூன்றாவது தொழிலாகிய கட்டுதலை நோக்குவாம். இங்கேதான் நம் இளைஞரின் நம்பிக்கை இடறுகின்றது. கடற்கரையிற் கூட்டம் திரண்டது 2017 சனவரியில். அதே சென்னையில், அதே ஆண்டு ஏப்பிரல் திங்களில், இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலைத் தேர்தல் ஆணையம் நிறுத்திற்று. காரணம் என்னை? வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்டமை. அதே நகரம், அதே கைப்பேசிகள், இடையே மூன்றே திங்கள். டிசம்பரில் மறுபடியும் தேர்தல் நடந்தபோது, 20 ரூபாய்த் தாளை அடையாளச் சீட்டாகக் கொடுத்தனர் என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. இதற்கு முன்னரே, 2009-இல் நம் அண்டை மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் இடைத்தேர்தல், 'திருமங்கலம் ஃபார்முலா' என்றோர் இழிபெயரை நாட்டுக்கு வழங்கிற்று. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2019 ஏப்பிரலில் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் இக்காரணத்தாலேயே தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. கைப்பேசி பெருகப் பெருகப் பணம் குறைந்துவிடவில்லை என்பது இதனாற் புலனாம்.

ஒரு சிறு கணக்கு இடுவாம். சட்டமன்ற வேட்பாளர் செலவிடத்தக்க உச்ச அளவைத் தேர்தல் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2022-இல் தமிழ்நாட்டிற்கு ரூ.40 லட்சம் என்று உயர்த்தினர். ஒரு தொகுதியில் இரண்டு லட்சம் வாக்காளர்க்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வாம். இருபது கோடியாகின்றது, உச்ச அளவைப்போல் ஐம்பது மடங்கு. இப்பணம் எக்கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாத பணத்தை ஒருவர் கொடுத்தால், கணக்கில் ஏறாத வழியிலேயே அதனைத் திரும்பப் பெறுவார். பாலத்திலும் பாதையிலும் மணலிலும் மரத்திலும் அது திரும்பும். வாக்குக்கு இரண்டாயிரம் பெற்றவர்க்கும் ஐந்தாண்டிற்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஒரு ரூபாயும் சில காசுகளுமே தேறும்.

இதனாற் பணம் பெறும் ஏழையை யாம் பழிக்கின்றோம் என்று எண்ணற்க. கேரட்டுத் தோட்டத்திற் குனிந்து கூலி வேலை செய்யும் தாய்க்கு ஐந்நூறு ரூபாய் ஒருநாள் அடுப்பெரிக்கும். அவரை இகழ்வது எளிது, அறமன்று. வாங்கியவர் மனச்சான்றுக்கு அஞ்சி அவர்க்கே வாக்களிக்கும் வழக்கமும் உண்டு. பணம் அவருடைய வறுமையை மட்டுமன்று, நேர்மையையும் பிடித்துக் கட்டுகின்றது. சட்டமோ கொடுப்பாரையும் பெறுவாரையும் ஒருங்கே குற்றவாளி என்கின்றது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இக்குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ தண்டனையாகும்.

இதுவரை கூறியது வீடு வீடாய்க் கொடுக்கும் சில்லறை வாணிகம். இதனினும் கொடியது மொத்த வாணிகம். ஒரு குலத்தின் தலைவர்களைக் கண்டு, கோயிலுக்கென்றும் மண்டபத்திற்கென்றும் திருவிழாவிற்கென்றும் ஒரு தொகை வைத்து, அக்குலத்தின் வாக்கனைத்தையும் ஒருசேர விலைபேசுதல் அது. இவ்வாணிகத்தின் மண்டி எது? பெரியோர்களே, பொறுத்தருள்க. நம்மனைய சங்கங்களே அம்மண்டி.

பிறரைக் குறைகூற வந்தோமில்லை. எம் குறையையே கூறுகின்றோம். சில ஆண்டுகட்கு முன் ஒரு தேர்தலின்போது, ஒரு வேட்பாளரின் ஆட்கள் இரவில் வந்து, நம் கோயில் மண்டபக் கூரைக்கென்று ஒரு தொகையை நம் செயற்குழு முன் வைத்தனர். அக்குழுவில் யாமும் இருந்தோம். ஏழைக்குக் கொடுப்பதாயின் கையூட்டு என்றிருப்போம். கடவுளுக்கென்று கொடுத்தமையால் வாயடைத்திருந்தோம். குழு வாங்கிக்கொண்டது. மறுநாள் இன்னார்க்கே வாக்கு என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. யாம் ஒரு சொல்லும் மறுத்துரைத்தோமில்லை. கூரையும் போட்டாயிற்று. ஈராண்டு கழித்து, மழையில் நம் பாதை சரிந்து, பூண்டு மூட்டைகள் களத்திலேயே நனைந்தன. பாதையைச் செப்பனிட வேண்டுமென்று கேட்க நம்மவர் பதின்மர் மலையிறங்கிச் சென்றனர். யாமும் உடன் சென்றோம். வென்றவரைக் காண இயலவில்லை. அவருடைய உதவியாளர் ஒருவர் வாயிலிலேயே நிறுத்தி, "உங்க சங்கத்துக்குச் செய்ய வேண்டியதை அப்பவே செஞ்சாச்சே, இன்னும் என்ன?" என்றார்.

எம்முள் ஒருவர்க்கும் மறுமொழி தோன்றவில்லை. அவர் கூறியது வணிக முறையிற் சரியே. முன்பணம் பெற்றோம், சரக்கைக் கொடுத்தோம், கணக்குத் தீர்ந்தது. மலையேறி வரும் வழியெல்லாம் ஒருவரோடொருவர் பேசாது வந்தோம். பள்ளியில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கும் எம் வாய், அச்செயற்குழுவில் ஏன் திறக்கவில்லை என்னும் நாணம் இன்னும் எம்மை விட்டகலவில்லை. இன்று இம்மேடையிற் பேசத் துணிந்ததும் அதனாலேயே.

கைப்பேசி இம்மொத்த வாணிகத்தை முறிக்கவல்லது என்று யாம் கருதுகின்றோம். காரணம் கூறுவாம். இடைத்தரகர் வாழ்வது, விற்போரும் வாங்குவோரும் ஒருவரையொருவர் அறியாத இடத்தில். முன்னாளில் வேட்பாளர் நம் ஒவ்வொருவரிடமும் பேச இயலாமையால் தலைவரிடம் பேசினார். நம் ஒவ்வொருவர் குரலும் அவர்க்கு எட்டாமையால் தலைவர் நமக்காகப் பேசினார். இன்று அவர் பேச்சு நம் கைக்கே வருகின்றது. நம் வினாவை அவர் பக்கத்திலேயே பலரறிய எழுதலாம். எனவே, குலத்தின் பெயரால் விலைபேச எவருக்கும் தேவையுமில்லை, உரிமையுமில்லை.

ஆனால், இக்கருவியும் பணத்திற்கு விலைபோவதே. முகநூலிலும் கூகுளிலும் அரசியல் விளம்பரத்திற்குக் கட்சிகள் பெரும்பொருள் செலவிடுகின்றன. பொய்ச் செய்தி புனைவதற்கும் ஆளமர்த்துவார் உளர். அவ்விரு நிறுவனங்களும் 2019 முதல் இந்திய அரசியல் விளம்பரங்களை யார் எவ்வளவுக்கு வெளியிட்டனர் என்று பொதுவிற் காட்டுகின்றன. வேட்பாளர் தம் சமூக ஊடகச் செலவையும் கணக்கிற் காட்ட வேண்டுமென்று தேர்தல் ஆணையம் 2013-லேயே விதித்துள்ளது. எனினும், கட்சியின் செலவுக்கு உச்ச அளவு இல்லாதவரை இவை முழுக் காவலாகா. ஆகவே, நாம் கைப்பேசியைத் திருவிழாப் பறையாகக் கொள்ளாது, கணக்கேடாகக் கொள்ள வேண்டும். பறை யார் அதிகம் கொடுக்கின்றாரோ அவர்க்கே முழங்கும்; கணக்கேடு எவர்க்கும் பொது.

இதற்கென மூன்று செயல்களை இச்சங்கத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, நம் கணக்கை முதலில் வெளியிடுவாம். சங்கத்திற்கும் கோயிலுக்கும் வரும் ஒவ்வொரு தொகையையும், கொடுத்தவர் பெயரோடு, திங்கள்தோறும் நம் வாட்ஸ்அப் குழுவில் இடுதல் வேண்டும். சிக்னல் கிட்டாத மேடுகளில் வாழ்வார் பொருட்டுத் தேநீர்க் கடைப் பலகையிலும் ஒரு தாள் ஒட்டுதல் வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்த நாள் முதல் முடிவு வரும் நாள் வரை எவ்வேட்பாளரிடமிருந்தும் எதற்கென்றும் ஒரு காசும் பெறுவதில்லை என்று தீர்மானித்தல் வேண்டும். இன்னார்க்கு வாக்களிக்க என்று சங்கம் கூறுவதும் அன்றோடு ஒழிதல் வேண்டும்.

இரண்டாவது, வேட்பாளரை அறிவாம். உச்சநீதிமன்றம் 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் அளித்த தீர்ப்புக்களால், ஒவ்வொரு வேட்பாளரும் தம் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்கு ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்திற் கூற வேண்டும். அப்பத்திரங்கள் தேர்தல் ஆணையத் தளத்தில் உள்ளன. நம் இளைஞர் அவற்றை எடுத்து, எளிய தமிழிற் சுருக்கி, எழுத்தறியாத முதியோர் கேட்கத் தம் குரலிற் பதிந்து அனுப்புக. எல்லா வேட்பாளர்க்கும் ஒரே அளவாய்ச் செய்க. ஒருவரை விடினும் அது கட்சிப்பணி ஆகிவிடும். சென்ற முறை கொடுத்த சொத்துக் கணக்கையும் இம்முறைக் கணக்கையும் அருகருகே வைப்பின், உரையே வேண்டா.

மூன்றாவது, பணம் வழங்குதல் கண்டால் முறையான வழியிற் செல்க. தேர்தல் ஆணையம் 2018-இல் சி-விஜில் என்னும் செயலியை ஏற்படுத்திற்று. அவ்விடத்திலேயே எடுத்த படத்தையோ காணொளியையோ அதன்வழி அனுப்பினால், நூறு நிமிடத்திற்குள் நடவடிக்கை என்பது அதன் ஏற்பாடு. அனுப்புவார் தம் பெயரை மறைத்துக்கொள்ளவும் கூடும். ஈண்டு ஓர் எச்சரிக்கை. கொடுப்பவரைக் காட்டுங்கள், பெற்ற ஏழையின் முகத்தை ஊரெங்கும் பரப்பாதீர்கள். அவர் நம் அத்தையும் மாமனுமே. அவர்க்கு நாணத்தைக் கொடுப்பது நம் நோக்கமன்று. விடுதலையைக் கொடுப்பதே நோக்கம். கேட்ட செய்தியைக் கண்டதுபோல் அனுப்புவதும் பொய்யே.

இவற்றைச் செய்துவிட்டால் நாளையே பணம் ஒழியுமோ என்பீர்கள். ஒழியாது. சங்கம் பணம் பெறாவிடின் கூரை எவ்வாறு போடுவது என்றும் கேட்பீர்கள். தக்க கேள்வியே. நம்முள் வீட்டுக்கு ஒருவர் திங்களுக்கு ஐம்பது ரூபாய் கொடுப்பின், நூறு வீட்டிற்கு ஆண்டொன்றில் அறுபதாயிரம் சேரும். கூரை சற்றுத் தாமதமாகும், ஒழுகினாலும் ஒழுகட்டும். அதன்கீழ் நின்று எவரையும் கேள்வி கேட்கலாம். யாம் வாயிலில் நின்று மறுமொழியின்றித் திரும்பியதுபோல் நம் மக்கள் திரும்ப வேண்டுவதில்லை.

இளைஞர்களே, நீங்கள் கேட்ட வினாவுக்கு எம் விடை இதுவே. கைப்பேசி விலையை அறிவிக்கும். முன்பணத்தை மறுக்கும் துணிவை அது தராது. அத்துணிவை நாமே கொணர்தல் வேண்டும். அதனை முதலிற் காட்ட வேண்டியவர் கூலித் தாயல்லர். செயற்குழுவில் அமர்ந்திருந்த எம்போல்வாரே. ஆகவே, யாம் முன்மொழிந்த முதற் செயலை இன்று மாலைக் கூட்டத்திலேயே தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களை வேண்டுகின்றோம். எவரும் வழிமொழியாவிடினும் எம் பெயரைப் பதிவுசெய்க. அன்று வாய் திறவாத குறைக்கு அதுவே எம்மாற் செய்யக்கூடிய கழுவாய்.